ஜீப்பு நெல்லு

எங்கள் வயல் மாதிரி வயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு மண்வளம் காரணமில்லை. விழிதியூர்ச் சாலையில் ஜீப்பைத் திருப்புவதற்குத் தோதான அகலம் எங்கள் வரப்பை ஒட்டித்தான் இருந்தது. ஆபீசர்கள் இறங்கி, சகதியில் கால் வைக்காமல் பயிரைப் பார்த்துவிட்டு, அப்படியே ஏறிக் காரைக்காலுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது காரணம் என் கணவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைச் 'சொல்தா' என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். நான் சொல்தா வீட்டம்மா. மீசை முளைத்த வயதில் கப்பல் ஏறியவர், எழுபதுகளின் நடுவில் என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பி, தன் பாகத்துக்கு வந்த நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே பயிர் செய்வது என்று முடிவு செய்தார். விவசாயம் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதை ஒரு நல்ல குணம் என்று நான் நினைத்திருந்தேன். அக்ரி ஆபீசர் அதைவிட மேலாக நினைத்தார்.

அந்த ஆபீசர் கல்லூரி முடித்து வேலைக்கு வந்த புதுசு. நல்ல பிள்ளை. ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த குட்டை ரக நெல்லை விவசாயிகளிடம் சேர்க்க வேண்டும் என்று உண்மையாகவே துடித்தார். முதலில் அவர் போய்க் கேட்டது எங்களை அல்ல, சாலைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருந்தவரை. எதிர் வயல்காரர் பரம்பரை விவசாயி. குரல் பெரிது. பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். அவர் திருப்பிக் கேள்வி கேட்டார். பயிர் குட்டையாக இருந்தால் மாட்டுக்கு வைக்கோலுக்கு எங்கே போவது? ஐப்பசியில் தண்ணீர் நின்றால் குட்டைப் பயிர் முழுகாதா? விளையாமல் போனால் ஆபீசர் தன் வீட்டு அரிசியைக் கொடுப்பாரா? ஆபீசர் கொண்டுவந்த துண்டுப் பிரசுரத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. அவர் சாலையைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எப்ப ஆரம்பிக்கணும்?"

அன்றைக்கே எங்கள் விதி தீர்மானமாகிவிட்டது.

துண்டுப் பிரசுரத்தை அவர் மேலதிகாரியின் உத்தரவாக எடுத்துக்கொண்டார். காலையில் காபிக்கு முன்னால் அதை உரக்கப் படிப்பார். வரிசை நடவு என்று போட்டிருந்ததால் கயிறு பிடிக்க வைத்தார். நடவுப் பெண்கள், சொல்தா ஐயா பயிரையும் பரேடு நிற்க வைக்கிறார் என்று சொல்லிச் சிரித்துச் சிரித்தே வேலையைக் கெடுத்தார்கள். யூரியா போட வேண்டிய நாளில் மழை கொட்டியது. குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டார். இவ்வளவு மழையில் போட்டால் கரைந்து வாய்க்காலுக்குத்தானே போகும் என்று கேட்டேன். மழையில் போடக் கூடாது என்று பிரசுரத்தில் எங்கேயும் இல்லை என்றார். உண்மைதான். நானும் தேடிப் பார்த்தேன்.

முதல் வருஷம் அப்படியும் நன்றாகவே விளைந்தது. அந்த ரகத்துக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் இருந்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. ஊரில் அதை 'ஜீப்பு நெல்லு' என்றார்கள். 'செயல் விளக்கத் திடல்' என்று ஒரு பலகையை எங்கள் வரப்பில் நட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவே இல்லை. புதுச்சேரியிலிருந்து பெரிய ஆபீசர் வருவார். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருவார்கள். வந்தவர்கள் வரப்பில் நிற்கும் நேரம் சின்னதாகவும், எங்கள் வீட்டில் சாப்பிடும் நேரம் நீளமாகவும் இருக்கும். வஞ்சிர மீன் குழம்பு வைப்பதில் எனக்கு இருந்த பெயர், நெல்லைவிட வேகமாக எல்லா அலுவலகங்களுக்கும் பரவியது. என்னிடம் செய்முறை கேட்டு ஆபீசர் வீட்டு அம்மாக்கள் ஆள் அனுப்பினார்கள். நெல்லைப் பற்றி அப்படி யாரும் கேட்டு அனுப்பியதாக நினைவில்லை.

பூவத்திலிருந்தும் திருநள்ளாற்றுப் பக்கத்திலிருந்தும் விவசாயிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவர்கள் வரிசையாக நின்று, கைகட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் என் கணவரைத் தனியாக அழைத்துப் போய், பிரான்சிலிருந்து பென்ஷன் எப்படி வருகிறது என்று விசாரித்தார்கள். ஒரு முறை எதிர் வயல்காரர் சாலையில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆபீசர் சார், இது யூரியாவுல விளைஞ்சதா, பென்ஷன்ல விளைஞ்சதா? அதையும் சேத்துச் சொல்லி அனுப்புங்க."

ஆபீசர் முகம் வாடிவிட்டது. அன்று சாப்பிடும்போது என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். இவ்வளவு பேர் வந்து பார்க்கிறார்கள், ஒருவர்கூட விதை கேட்கவில்லை, ஏன் அம்மா என்று. எனக்கும் அப்போது தெரியவில்லை.

விதை போன வழி வேறு. அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் எதிர் வயல்காரரின் மனைவி கொல்லைப் பக்கமாக வந்தார். பேச்சுக் குறைந்த பெண். எங்கள் நெல்லில் சோறு எப்படி இருக்கிறது என்று வடித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது, தன் வீட்டு நெல்லைக் கொண்டுவந்திருக்கிறேன், மரக்காலுக்கு மரக்கால் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். சாதாரண விஷயம்தானே என்று மாற்றிக் கொடுத்தேன். பிறகு அவருடைய தங்கை வந்தார். தங்கையின் ஓரகத்தி வந்தார். சோறு வடித்துப் பார்க்க இத்தனை பேருக்கு ஆசையா என்று நினைத்துக்கொண்டேனே தவிர சந்தேகப்படவில்லை. அடுத்த பருவத்தில் நாற்று வளர்ந்த பிறகுதான், சாலைக்கு அந்தப் பக்கமும் வாய்க்காலுக்கு அப்பாலும் ஜீப்பு நெல்லு நிற்பது கண்ணில் பட்டது.

எதிர் வயல்காரரின் மனைவியைக் கொல்லையில் பிடித்துக் கேட்டேன். ஏன் இப்படி ஒளித்து வாங்கினீர்கள், ஆபீசரிடம் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாரே என்று.

"அவருகிட்ட வாங்குனா அவரு சொல்ற மாரி செய்யணும்க்கா. வயல்ல பலகை நடுவாரு. இவரு அதுக்கு ஒத்துக்க மாட்டாரு. விதை நல்ல விதைன்னு இவருக்கு மொத வருஷமே தெரியும்" என்றார் அவர்.

ஆக, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எங்கள் வயல் வரைக்கும் ஜீப்பிலும் வேனிலும் மேளதாளத்தோடும் வந்த நெல், எங்கள் வயலிலிருந்து மற்ற வயல்களுக்கு முறத்திலும் முந்தானையிலும் போயிருந்தது. இதை ஆபீசரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. கொல்லை வழியாகப் போனதைத் தன் கணக்கில் காட்ட முடியாதே என்றார்.

அந்த இரண்டாவது வருஷம்தான் எல்லாம் நடந்தது. முதல் வருஷத்து விளைச்சலை மிஞ்ச வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்களாம். பிரசுரமும் புதிதாக வந்தது. நெருக்கமாக நட வேண்டும், யூரியா கூடுதலாகப் போட வேண்டும். அந்தச் சமயம் சொசைட்டியில் யூரியாவுக்குத் தட்டுப்பாடு. வந்த மூட்டைகளில் மாதிரி வயலுக்குத்தான் முதல் பங்கு. எதிர் வயல்காரர் சொசைட்டிக்கு நடையாய் நடந்து வெறுங்கையோடு திரும்பினார். திரும்புகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, சாலையில் போகிற மாடு கன்றுக்கெல்லாம் கேட்கிற மாதிரி பேசிவிட்டுப் போவார். என் கணவர் வெளியே வந்து மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். ஒரு மூட்டையை அவருக்குக் கொடுத்துவிடலாமே என்று நான் சொன்னேன். கணக்குப்படி இந்த வயலுக்கு வந்தது இந்த வயலில்தான் விழ வேண்டும் என்றார். விழுந்தது.

எங்கள் பயிர் கருகருவென்று நின்றது. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. ஆபீசர் படம் எடுத்துக்கொண்டார். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், நட்ட நடுவில் ஒரு இடம் மட்டும் மஞ்சளாகி, பிறகு காய்ந்து, யாரோ வெந்நீரை ஊற்றியது போல வட்டமாக அமுங்கியது. அடுத்த வாரம் அதைப் போல இன்னும் சில வட்டங்கள். புகையான் என்றார்கள். தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தவிட்டு நிறத்தில் பூச்சி அப்பிக் கிடந்தது. பிரசுரத்தில் போட்டிருந்த மருந்தை அடித்தார். வட்டங்கள் பெரிதாயின. இன்னொரு முறை அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வரப்பில் போய் நிமிர்ந்து நிற்பார். ராணுவத்தில் சாவு அணிவகுப்பில் அப்படித்தான் நிற்பார்களாம். "சொன்னதைத்தானே செஞ்சேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். தோற்றுப்போனதைவிட, உத்தரவில் எதைத் தவறவிட்டோம் என்று கண்டுபிடிக்க முடியாததுதான் அவரை அரித்தது. எனக்குப் பயிர்மேல் இருந்த வருத்தம் போய் இவர்மேல் வருத்தமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் வயல் விழாவுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. தைப் பொங்கல் கழிந்து புதுச்சேரிப் பெரிய ஆபீசர் வருகிறார். கூடவே நெல் பூச்சிகளை ஆராயும் ஒரு வெளிநாட்டு நிபுணரும் வருகிறார். இளம் ஆபீசர் எங்கள் வயலைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை போய்விடும் போல இருந்தது. அப்படி உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே யூரியா கிடைக்காத பயிர் வெளிறிய பச்சையில், வட்டம் ஏதும் இல்லாமல், கதிர் தலைசாய்ந்து நின்றது.

மறுநாளே பலகை சாலையைக் கடந்தது.

எதிர் வயல்காரர் சும்மா சம்மதிக்கவில்லை. மேடையில் தனக்கு நாற்காலி போட வேண்டும், மைக்கில் தான் பேச வேண்டும் என்றார். ஆபீசர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேச வேண்டியதை எழுதியும் கொடுத்தார். எங்கள் பக்கம் வெந்து கிடந்ததை மறைக்க வரப்பு நெடுகக் கீற்றுத் தட்டி கட்டினார்கள். அதை ஒட்டியே பந்தலும் போட்டார்கள். விருந்தாளிகளின் முதுகு எங்கள் வயலைப் பார்த்து இருக்கும், முகம் எதிர் வயலைப் பார்த்து இருக்கும். என் கணவரிடம் ஆபீசர் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டார். இவர், பின்வாங்குவதும் போரில் ஒரு பகுதிதான் என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

விழாவன்று ஜீப்பிலிருந்து இறங்கிய நிபுணர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், பெல்ஜியம் நாட்டுக்காரர். பந்தலில் 'நிபுணர் ஐயா வருக' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். போர்த்துவதற்கு வாங்கிவைத்த துண்டை என்ன செய்வது என்று ஆபீசர் என்னிடம் ஓடிவந்தார். என் பட்டுப் புடவைகளில் ஒன்றை மடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. பேச்சு பிரெஞ்சு. பெரிய ஆபீசருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. அப்போது கூட்டத்தில் யாரோ, நம்ம சொல்தா இருக்காரே என்றார்கள். தட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற என் கணவரை மேடைக்குக் கூப்பிட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். பல நாள் கழித்து அவர் முகத்தில் தெளிச்சி வந்தது.

எதிர் வயல்காரர் மைக்கைப் பிடித்தார். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தார், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார், மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"நான் யூரியா கேட்டு சொசைட்டிக்கு நடையா நடந்தேங்க. இல்லேன்னுட்டாங்க. வந்த மூட்டையெல்லாம் சொல்தா அண்ணன் வயலுக்குப் போயிடுச்சு. அது எனக்கு வயித்தெரிச்சல்தான், பொய் சொல்லல. ஆனா அதனாலதான் எம் பயிரு பொழச்சுது. அண்ணன் பயிரு புகையான் புடிச்சுச் செத்துப் போச்சு. தோ, இந்தத் தட்டிக்குப் பின்னாடிதான் கெடக்கு."

கூட்டம் சிரித்தது. பெரிய ஆபீசர் முகம் இறுகியது. இளம் ஆபீசர் என் கணவரின் காதருகில் குனிந்து, நல்லதை மட்டும் சொல்லுங்க சார் என்று கெஞ்சியது எனக்குக் கேட்டது.

என் கணவர் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்தது காய்கறிக் கடைப் பிரெஞ்சுதான். அவர் உத்தியோகம் பார்த்த ஊரில் சந்தைக்குப் போய்ப் போய்க் கற்றது. ஆனாலும் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். நடையாய் நடந்ததைச் சொன்னார், மூட்டைகளைச் சொன்னார், வயிற்றெரிச்சலைச் சொன்னார். அதற்குச் சரியான சொல் கிடைக்காமல் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். தட்டியையும் திரும்பிக் காட்டினார். அந்த அம்மா முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்த மலர்ச்சியைப் பார்த்து ஆபீசர்கள் நிம்மதியானார்கள். பெரிய ஆபீசர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். நேராகப் பந்தலின் பின்பக்கம் போனார். கீற்றுத் தட்டியை ஒதுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, கால்சட்டையை மடித்து எங்கள் வயலில் இறங்கினார். என் கணவர் பின்னால் ஓடினார். எதிர் வயல்காரர் மைக்கை விட்டுவிட்டு அவரும் ஓடினார். ஆபீசர்கள் பூட்ஸ் காலோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

வெந்து சரிந்திருந்த ஒரு வட்டத்தின் ஓரத்தில் அந்த அம்மா குனிந்து, தூரை விலக்கி, கையால் தட்டினார். பூச்சிகள் மழைத்தூறல் போலத் தண்ணீரில் உதிர்ந்தன. அவர் நிமிர்ந்து, கண்கள் மின்ன, "த்ரே போ, த்ரே போ" என்றார்.

எதிர் வயல்காரர் என்னவென்று கேட்டார். என் கணவர் தயங்காமல் சொன்னார். "ரொம்ப அழகா இருக்குங்கிறாங்க."

"என்னண்ணே, பயிரு செத்துக் கெடக்கு, அழகா இருக்காமா?"

இதையும் அப்படியே அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். அவர் முகம் சிவந்துபோயிற்று. எதிர் வயல்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு மூன்று பேரும் சகதியில் நின்றபடி வெகுநேரம் பேசினார்கள். அவர் கேட்பதும், இவர் இரு பக்கமும் மாற்றிச் சொல்வதும், எதிர் வயல்காரர் கையை வீசிப் பதில் சொல்வதுமாக இருந்தது. அவருடைய பயிர் ஏன் இடைவெளி விட்டு நிற்கிறது என்று கேட்டபோது, நாற்று பற்றாமல் போயிற்று, சோறு வடிக்க வாங்கிய நெல் எவ்வளவுக்குத்தான் வரும் என்றார். அது எந்தக் கதை என்று அந்த அம்மா கேட்க, கொல்லைக் கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. அவர் வரப்பில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு என் கணவரை விசாரித்தார். என்றைக்கு நட்டீர்கள், என்றைக்கு உரம் போட்டீர்கள், எந்த மருந்தை எப்போது அடித்தீர்கள் என்று. இவருக்கு எல்லாம் மனப்பாடம். சாப்பாட்டுக்குக் கூப்பிட நான் போனபோது அந்த அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இவர் விறைப்பாக நின்று "உய், மதாம்" என்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் எனக்கு விவரம் சொன்னார். வேறு யார் பயிர் செத்தாலும் சொன்னபடி செய்யவில்லை என்று விவசாயியின் மேல் பழி போட்டுவிடலாம். உங்கள் மேல் அப்படிச் சொல்ல வழியில்லை. நீங்கள் முழுக்கச் சொன்னபடி செய்ததால்தான் சொன்னது தப்பு என்று இப்போது தெரிகிறது. அந்த அம்மா சொன்னது இதுதானாம். இதை என் கணவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ராணுவத்தில் பதக்கம் வாங்கியபோதுகூட அவர் இவ்வளவு நெகிழ்ந்து நான் பார்த்ததில்லை. ஒழுங்காகத் தோற்றதற்கு ஒரு பாராட்டு.

இளம் ஆபீசருக்கு வேலை போகவில்லை. வெளிநாட்டு நிபுணர் வேறெங்கும் இறங்காமல் அவருடைய வட்டாரத்தில் சேற்றில் இறங்கிய படம் ஏதோ ஒரு இதழில் வந்தது. எங்கள் வெந்த வயலைப் படத்துக்குக் கீழே 'பூச்சி ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட திடல்' என்று போட்டிருந்தார்கள். கீற்றுத் தட்டி படத்தில் இல்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து வேறு ஊருக்குப் போனார். போகும் முன் வீட்டுக்கு வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க அன்னைக்கு என்னைக் காப்பாத்திட்டீங்க சார் என்றார். மேடையில் இவர் பூசி மெழுகித்தான் மொழிபெயர்த்தார் என்று கடைசிவரை நம்பியிருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

என் கணவரும் எதிர் வயல்காரரும் அதன் பிறகு சிநேகிதர்களாகிவிட்டார்கள். சிநேகிதம் என்றால், அவர் தினமும் வந்து இவரைத் திட்டுவார், இவர் கேட்டுக்கொள்வார். பிரசுரத்துக்குப் பதில் இப்போது ஒரு ஆள் உத்தரவு போடக் கிடைத்துவிட்டார். மழையில் உரம் போடுவது மட்டும் நின்றது.

எதிர் வயலைப் பார்த்து அந்த அம்மா சொன்ன யோசனை எங்கெங்கேயோ சுற்றி, எண்பதுகள் பிறந்த பிறகு, புதுப் பிரசுரமாக ஊருக்கு வந்தது. யூரியாவைக் குறைத்துப் பிரித்துப் போட வேண்டும், நடவில் இடையிடையே பாதை விட வேண்டும், பூச்சியைப் பார்க்காமல் மருந்து அடிக்கக் கூடாது. ஒரு புது ஆபீசர் கூட்டம் போட்டு, விஞ்ஞானிகளின் அரிய கண்டுபிடிப்பு என்று விளக்கினார். முன்வரிசையில் எதிர் வயல்காரர் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி எப்பங்க வரும்?" என்று மட்டும் கேட்டார்.

அது தன் துறை இல்லை என்றார் ஆபீசர்.

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. நாற்றங்கால்கள் காய்ந்தன. மழையும் ஏமாற்றிவிட்டுப் போனது. கிடைத்த ஈரத்தில் எல்லோரும் உளுந்து தெளித்தோம். உளுந்துக்கு அதுவரை யாரும் எந்தத் தொழில்நுட்பமும் கொண்டுவந்திருக்கவில்லை. சுமாராகக் காய்த்தது.